மாணிக்கத்தை அழைத்துவர மழையில் போனது

மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த ஊரில் பிறந்தவன் நான். தேவகோட்டைப் பக்கம். எங்கள் கண்மாயில் தண்ணீர் நின்ற வருஷங்களைவிட மாடு மேய்ந்த வருஷங்களே அதிகம். அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து மலாயாவின் ஈப்போவில் போட்டால் என்ன ஆகும்? முதல் மாதம் மழையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்றாம் மாதம் திட்ட ஆரம்பித்தேன். இங்கே எழுதப்போகிற மூன்று நாளும் அதை வாய் ஓயாமல் திட்டினேன். திட்டியிருக்க வேண்டியது மழையை அல்ல.

வட்டிக்கடை நடத்தும் ஒரு செட்டியார் கிட்டங்கியில் மூன்று வருஷம் சமைத்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று கப்பலேறி வந்தவன் நான். ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது. கிட்டங்கியில் உலை வைக்க அரிசியும் இல்லை, உட்கார்ந்து சாப்பிட ஆளும் இல்லை. சமையல்காரன் என்று யாரோ போட்டுக்கொடுக்க, ஜப்பான்காரர்களின் ஆபீஸ் ஒன்றில் உள்ளூர்ச் சிப்பந்திகளுக்குப் பொங்கிப்போடும் வேலையில் என்னைத் தள்ளினார்கள். பொங்குவதாவது! மரவள்ளிக் கிழங்கை அவிப்பதும், அவித்ததைப் பிசைவதும், பிசைந்ததைத் தட்டுவதும்தான். அதற்கெல்லாம் ஒரு சமையல்காரனா?

அந்தச் சமையற்கட்டை மேற்பார்த்தவர் கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான்காரர். கண்ணாடிக்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். அவருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு நான் வைத்துக்கொடுத்த கஷாயம் கேட்டுவிட்டது. என்ன வேண்டும் என்று துபாஷியை வைத்துக் கேட்டார். கூடமாட வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் என் தங்கை புருஷன் மாணிக்கமாக இருக்க வேண்டும் என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. என் தங்கை வள்ளியை எங்கள் அத்தை மகன் மாணிக்கத்துக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். ஈப்போவுக்குத் தெற்கே, சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டு பேரும் பால்மரம் வெட்டினார்கள். இப்போது அந்தத் தோட்டங்களில் சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம். போனவன் எவனும் திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை. மாணிக்கம் என் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிட்ட ஒரே மனுஷன். உப்பே போடாமல் வைத்தாலும் "சரியா இருக்கு மச்சான்" என்பார். அவரைச் சயாமுக்கு விட்டுவிட எனக்கு மனசில்லை.

கண்ணாடிக்காரர் ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மாணிக்கம் என்கிற ஆள் சமையற்கட்டு வேலைக்குத் தேவை, புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நேரில் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றுவிட்டால் அப்புறம் எவனும் அவரைத் தொட முடியாது. அந்தத் தாளை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு சின்னத் தகர டப்பாவில் அடைத்து, மடியில் கட்டிக்கொண்டேன். இன்னொரு டப்பாவில் தங்கைக்கு உப்பு. அந்த நாளில் உப்பு கொண்டுபோனால் தங்கமே கொண்டுபோன மாதிரி.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினோம். சுங்காய்ப் பக்கம் விளைந்த மரவள்ளியை ஏற்றிவர ஆபீஸ் வண்டி ஒன்று போயிற்று; அதில் எனக்கு இடம். வண்டி என்றதும் நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்பாதி மோட்டார் சைக்கிள்: ஒற்றைச் சக்கரம், கைப்பிடி, காலைப் பரப்பி உட்கார்ந்த ஓட்டுநர். பின்பாதி இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு மரப்பெட்டி. நான் அந்தப் பெட்டிக்குள், காலிச் சாக்குகளின் மேல். ஓட்டுநருக்கு மழைக்கு ரப்பர் அங்கி இருந்தது. நான் ஒரு சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டேன்.

ஓட்டுநர் பெயர் அந்தோணி. ஈப்போவிலேயே, சிலிபினில் பிறந்து வளர்ந்த தமிழன், முப்பது வயசிருக்கும். ஆபீஸ் கொடுத்த தொப்பி, கையில் பட்டை, கைப்பிடியில் ஜப்பான் கொடி. எல்லாவற்றுக்கும் சிரிப்பான். எனக்கு முதல் பார்வையிலேயே ஆளைப் பிடிக்கவில்லை.

பெட்ரோல் ஏது? ரப்பர் ஷீட்டைக் காய்ச்சி வடித்த எண்ணெயில்தான் வண்டி ஓடியது. அதன் நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! புகை நேராகப் பெட்டிக்குத்தான் வந்தது. ஏழெட்டு மைலுக்கு ஒரு தடவை பிளக்கில் கரி பிடித்து வண்டி இருமும், நிற்கும். அந்தோணி இறங்கி, மழையில் குனிந்து பிளக்கைக் கழற்றித் தேய்ப்பான். நான் சாக்கை விரித்து அவன் தலைக்குமேல் பிடிக்க வேண்டும்.

"ஏன்யா, கொஞ்சம் மெல்லத்தான் போயேன்" என்றேன்.

"மெல்லப் போனா இஞ்சின் செத்துரும்ணே. வேகமாப் போனா நாம செத்துருவோம். எது வேணும், நீங்களே சொல்லுங்க லா."

சிம்பாங் பூலாய் முச்சந்தியில் காவல் சாவடி. இறங்கிக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். நான் குனிந்தேன், தலையிலிருந்த கொங்காணியை எடுக்க மறந்துவிட்டேன். சிப்பாய் விட்டான் ஓர் அறை! காது கொய்ங் என்றது. 'அட பாவி' என்று வாய் திறப்பதற்குள் அந்தோணி என் சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எனக்கும் சேர்த்து இரண்டு தடவை குனிந்தான். கொஞ்ச தூரம் வந்ததும் சிரித்தான்.

"அறை வாங்குனா சத்தம் போடக்கூடாதுண்ணே. சத்தம் போட்டா ரெண்டாவது வரும்."

"நீ பேசாதே. அவன் காலைப் பிடிச்சுப் பிழைக்கிறவன்தானே நீ" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் கோப்பேங் வரை இரண்டு பேரும் பேசவில்லை. மழை மட்டும் பேசிக்கொண்டே வந்தது. சுண்ணாம்புக் குன்றுகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. எங்கள் ஊரில் இதில் கால்வாசி பெய்திருந்தால் நான் ஏன் கடல் தாண்டப்போகிறேன்? மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். டப்பா இருந்தது.

கோப்பேங் தாண்டி ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. ஒற்றைச் சக்கரம், அது வழுக்கினால் பிடித்துக்கொள்ள வேறென்ன இருக்கிறது? பெட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு என்னைச் சாலையோரச் சாக்கடையில் கொட்டியது. இடுப்பளவு தண்ணீர். முதலில் மடியைத்தான் பிடித்தேன். அந்தோணி ஓடிவந்து தூக்கிவிட்டான். கோபத்தை விட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, லெஃப்டுல வளைஞ்சா நீங்க லெஃப்டுல சாஞ்சு உக்காரணும். ரைட்டுன்னா ரைட்டு. நீங்க நடுவுல சாமி மாதிரி உக்காந்திருந்தா வண்டி கவுந்துரும்."

அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் பெட்டிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டே வந்தேன்.

கம்பாருக்கு முன்னால் ஒரு பாலம். வெள்ளைக்காரன் பின்வாங்கிப் போகும்போது உடைத்துவிட்டுப் போனது. ஜப்பான்காரன் மேலே பலகை போட்டிருந்தான். எப்படித் தெரியுமா? லாரியின் இடது சக்கரத்துக்கு ஒரு வரிசை, வலது சக்கரத்துக்கு ஒரு வரிசை. நடுவில் வெறும் ஓட்டை, கீழே செந்நிறத்தில் ஆறு. எங்கள் பின்சக்கரம் இரண்டும் பலகையில் ஏறும். முன்சக்கரம்? அது நடுவில் அல்லவா இருக்கிறது! வண்டியைச் செய்தவனும் பாலம் போட்டவனும் ஒரே ஊர்க்காரர்கள். ஒருவனை ஒருவன் கேட்டுக்கொள்ளவில்லை.

கரையில் ஒரு சீனப் பெண் முழங்கால் தண்ணீரில் நின்று, மரத்தட்டில் மண்ணை அலசி ஈயம் தேடிக்கொண்டிருந்தாள். அந்த மழையிலும்! எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே வந்தாள். அவள் மலாயில் சொன்னதை அந்தோணி எனக்குத் தமிழில் சொன்னான்: "இது லாரிக்காரனுக்குப் போட்ட பாலம். உங்கள் மாதிரி மூன்று சக்கரக்காரர்கள் வந்தால் என் பலகையைத்தான் கேட்பார்கள்."

அவளிடம் நீளமான பலகை ஒன்று இருந்தது. அதைக் குறுக்குக் கட்டைகளின் மேல் நடுவில் போட்டு, முன்சக்கரத்தை அதில் ஏற்றி, ஒரு பலகை நீளம் தள்ளுவோம். நிறுத்துவோம். வண்டியை அந்தோணி பிடித்துக்கொள்ள, பின்னால் கிடக்கும் பலகையை நானும் அவளுமாக உருவி முன்னால் போடுவோம். மறுபடி தள்ளுவோம். கால் வழுக்கினால் ஆறு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கரை சேர்ந்ததும் நான் டப்பாவிலிருந்து ஒரு கை உப்பை எடுத்து நீட்டினேன். அவள் அங்கேயே ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு மீதியைத் தலைத்துணியில் முடிந்துகொண்டு, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் கணவனை ஜப்பான்காரன் வந்த முதல் மாசமே கொண்டுபோய்விட்டார்களாம். அந்தோணி கேட்டுச் சொன்னான்.

அன்று தாப்பாவில் அந்தோணிக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். சாப்பிட மரவள்ளிக் களியும், சிவப்புப் பனை எண்ணெயில் வதக்கிய கீரையும். காப்பி என்று கரியாக வறுத்த சோளத்தைக் கொதிக்கவைத்துத் தந்தார்கள். குறை சொல்லாமல் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமையும் மழை. சுங்காய் வரை ஒருமாதிரி வந்துவிட்டோம். தோட்டத்துக்குத் திரும்பும் மண்சாலையில்தான் வதை. சேறு பெட்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் இறங்கித் தள்ள, அவன் முறுக்க, சக்கரம் கிளப்பிய சேறெல்லாம் என் முகத்தில். "இன்னும் சீக்கிட்தான்ணே, கொஞ்சந்தான்" என்று அவன் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் கோப்பையில்லாமல் நின்றன. பால் வாங்க ஆளில்லை என்று வெட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். இடையிடையே மரத்தைச் சாய்த்து மரவள்ளி போட்டிருந்தார்கள். மத்தியானம் லயத்துக்கு முன்னால் போய் நின்றபோது எங்கள் சண்டையும் மறுபடி முற்றியிருந்தது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற நீளமான லயம், வரிசையாகக் கதவுகள். வள்ளி வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அம்மை. ஐயோ, அம்மை கண்ட வீடு!

வேப்பிலை கட்டிய வீட்டுக்கு எங்கள் பக்கம் முறை உண்டு. வெளியூரிலிருந்து வந்தவன் உள்ளே போகக்கூடாது. வழியழுக்கோடு வாசற்படி மிதிக்கக்கூடாது. கைக்குக் கை எதையும் கொடுக்கக்கூடாது. 'போய்ட்டு வாரேன்' என்றுகூடச் சொல்லக்கூடாது. அடுப்பில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை. மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை ஆத்தா இருக்கிற இடம் அது. எனக்கு இதில் பயம் அதிகம். இருபது வயசில், அம்மை கண்ட என் அண்ணன் மகள் பக்கத்து அறையில் கிடக்கும்போது, நான் மறதியாகக் கடுகைத் தாளித்துவிட்டேன். மறுநாள் குழந்தை போய்விட்டாள். என் கைதான் காரணம் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன்.

வள்ளி வெளியே வந்தாள். தலைவிரி கோலம், மஞ்சள் சேலை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என் பின்னால் நின்ற தொப்பியையும் கைப்பட்டையையும் கொடியையும் பார்த்ததும் அப்படியே சுருங்கியது.

"அங்கனயே நில்லுங்கண்ணே. ஆத்தா வந்திருக்கா."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். முத்துப் போட்டு நாலு நாளாச்சு." கண்ணால் அந்தோணியைக் காட்டி, "இது யாரு?" என்றாள்.

எனக்கு அவன்மேல் கோபம். "ஜப்பான்காரன் ஆபீஸ் ஆளு" என்றேன்.

ஒரு வார்த்தை. 'நம்ம சிலிபின் பையன், நேத்து முழுக்க என்னைச் சுமந்துட்டு வந்தவன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

தாளைப் பற்றிச் சொன்னேன். நாளை சாயங்காலத்துக்குள் ஈப்போ போயாக வேண்டும் என்றேன். அவள் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஆத்தா எறங்கட்டும்ணே. நீங்க உள்ள வந்து பாக்..." என்று ஆரம்பித்து, மறுபடி அந்தோணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உள்ளே நுழைந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். சொந்தத் தங்கை வீடு, மூன்றே அடி. நான் நின்ற இடத்திலிருந்தே வேப்பிலையைக் கும்பிட்டேன். உப்பு டப்பாவையும் கொடுக்கவில்லை.

அப்போதுதான் மற்றக் கதவுகளைப் பார்த்தேன். ஆறேழு வீட்டில் வேப்பிலை. லயம் முழுக்கப் பரவிவிட்டதா? அதே நேரம், அந்தக் கொட்டும் மழையிலும், என் மூக்கில் ஏறியது ஒரு வாசனை. கருவாடு. யாரோ கருவாடு வறுக்கிறார்கள். நாலு வீடு தள்ளி, வேப்பிலை செருகிய கதவுக்குள்ளிருந்து!

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓடிப்போய் வாசலில் நின்று கத்தினேன்.

"ஏம்மா, உனக்கு மதி கெட்டுப்போச்சா? ஆத்தா இருக்கிற வீட்டுல கருவாடா? பக்கத்துல என் மாப்பிள்ளை கெடக்குறாரு, உன் நாக்குக்கு இப்ப கருவாடு கேக்குதா?"

ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அஞ்சலை என்று பெயர். காலைக் கட்டிக்கொண்டு இரண்டு குழந்தைகள், இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. முகம் வெளுத்து, சட்டியை இறக்கிவிட்டு அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். வள்ளி தூரத்திலிருந்து "அண்ணே, வேணாம்ணே, பேசாம போங்கண்ணே" என்று கெஞ்சினாள். நியாயத்தைக் கேட்டேன் என்கிற திமிரில் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

நேராகத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் போனேன். மருந்துக்கொட்டகையில் வயசான ஒரு மலையாளி. மாணிக்கத்துக்கு அம்மை என்று அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், கண்ணாடிக்காரரிடம் காட்டி நாள் வாங்கலாம் என்பது என் எண்ணம்.

"செரி, செரி, ஞான் நோக்கிக்கொள்ளாம். நிங்கள் போய்க்கோ" என்றார் அவசரமாக.

போயிருக்க வேண்டும். அவர் என்னை விரட்டுகிறார் என்று எனக்குக் கோபம்.

"என்னய்யா நோக்கிக்கொள்ளாம்? லயம் பூரா அம்மை! அதுல ஒருத்தி கருவாடு வறுக்கிறா! நீங்க ஒரு எட்டு வந்து பாக்க வேணாமா?"

டிரெசர் என் காலை மிதித்தார். அது எதற்கு என்று புரிவதற்குள், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். வெள்ளைச் சட்டை, குடை, நம் ஆள். சயாமுக்கு ஆள் சேர்க்கிற கங்காணி என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கருவாடாண்ணே?" என்றார் ரொம்ப மரியாதையாக. "நல்லா மோந்து பாத்தீங்களா?"

"முப்பது வருஷமா அடுப்படியில நிக்கிறேன். என் மூக்கு பொய் சொல்லாது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். டிரெசர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எந்தா மனுஷ்யா நீ செய்தது?" என்றார். ஒரு மாசமாக அந்த வேப்பிலையைக் காப்பாற்றி வைத்திருந்ததே அவர்தான். சிப்பாய்களுக்கு அம்மை என்றால் பயம். கதவில் வேப்பிலையைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவார்கள். கங்காணிக்குச் சந்தேகம் இருந்தாலும், நம் ஆள் அல்லவா, ஆத்தா பெயரைச் சொன்னால் அவருக்கும் உள்ளே நுழையத் துணிச்சல் வரவில்லை. பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நுழையலாம். அதை நான் தெரியவைத்தேன். அம்மை கண்ட வீட்டில் கருவாடு வறுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்த மாதிரியே அவருக்கும் தெரியும்.

நான் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். அதற்குள் லாரி வந்து நின்றிருந்தது. ஐந்து பேரை வரிசையாக நடத்திவந்தார்கள். நெற்றியிலும் மார்பிலும் பூசிய மஞ்சள் மழையில் கரைந்து வழிய, ஒரு கொப்புளம் இல்லாமல், கல் மாதிரி உடம்போடு என் மாப்பிள்ளை மாணிக்கம் நடந்துவந்தார். டப்பாவைத் திறந்து தாளை எடுத்துக் கங்காணி முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"முத்திரை குத்தின தாளு! இவரு ஈப்போ ஆபீஸ் ஆளு!"

அவர் குடைக்குள் வைத்து நிதானமாகப் படித்தார். "நாளைக்கு ஈப்போவுல வந்து நின்னாத்தானே ஆபீஸ் ஆளு? இன்னிக்கு இங்க நிக்கிறாரு. எனக்கு இன்னிக்கு அஞ்சு ஆளு வேணும்" என்று மடித்து என்னிடமே கொடுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என் தோளில் இடித்தான். கீழே கிடந்தபடி மேலே பார்த்தேன். மாணிக்கம் லாரிக்குள்ளிருந்து குனிந்து கேட்டார்:

"மச்சான், அடி பலமா?"

அதைத்தான் கேட்டார். 'ஏன் இப்படிச் செஞ்சீங்க' என்று கேட்கவில்லை. லாரி போய்விட்டது.

பெண்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வள்ளி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

"நாலு வீட்டுக் கருவாட்டு வாசம் தெரிஞ்ச மூக்குக்கு, என் வீட்டுல சீக்காளி இல்லேங்கிறது தெரியலையாண்ணே?"

தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்தோணி அருகில் வந்து நின்றான். வள்ளி அவனைப் பார்த்தாள்; அவன் ஜப்பான்காரன் ஆளல்ல, நம் ஆள் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனும் அழுதுகொண்டிருந்தான்.

பொழுது சாயும் முன் லயத்துக்குப் பின்புறமிருந்து ஒருவர் வந்தார். தோளில் மரவள்ளிக் கட்டு. சன்னாசி, அஞ்சலையின் புருஷன். பகலெல்லாம் மஞ்சளைப் பூசிக்கொண்டு உள்ளேயே கிடந்து அலுத்துப்போய், கிழங்கு பிடுங்கப் பின்வழியாகப் போயிருக்கிறார். அதனால் அகப்படவில்லை. எந்த வீட்டுக் கருவாட்டுக்காக நான் வாயைத் திறந்தேனோ, அந்த வீட்டு ஆள் மட்டும் தப்பிவிட்டார். அவரைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மறைக்காமல் சொல்கிறேன், 'இவன் போயிருக்கக் கூடாதா' என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வள்ளி சொன்னாள். "அந்தத் தாளை என்ன செய்யப்போறீங்க?"

"என்ன செய்ய? அடுப்புலதான் போடணும்."

"அதுல படம் ஒட்டியிருக்கா?"

"பேருதான் இருக்கு."

"அப்ப சன்னாசி அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. மாணிக்கம்னு சொல்லுங்க. கங்காணி நாளைக்கு மறுபடி வருவான். அவருக்கு நாலாவது புள்ள வரப்போகுது. எனக்கு யாரு இருக்கா?"

"வள்ளி, அது மாப்பிள்ளை பேரு."

"ஆளையே குடுத்துட்டீங்க. பேருக்கு என்னண்ணே?"

அந்தோணியைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டால் அவன் தலையும் சேர்ந்துதான் உருளும். அவன் பிளக்கைத் தேய்த்தபடி, "நான் ரெண்டு ஆளை ஏத்திட்டு வரணும்னுதானே ஆபீஸ்ல சொன்னாங்க. ரெண்டு ஆளு இருக்கு. ஏறுங்க, போலாம்" என்றான்.

வள்ளியையும் வரச் சொன்னேன். வரவில்லை. உப்பு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை பெய்த மழையைப் போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவில் நானும் சன்னாசியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வளைவு வரும்போது "இந்தப் பக்கம்" என்பேன். இரண்டு பேரும் சேர்ந்து சாய்வோம். மாணிக்கம் சாய்ந்திருக்க வேண்டிய பக்கம். அந்த மனுஷன் பாவம், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதி வழியில் மெல்லச் சொன்னார்: "அண்ணே, புள்ளைங்க மூணு நாளா அழுதுச்சுங்க. அதான் அவ கருவாட்டை எடுத்தா."

சிம்பாங் பூலாய் சாவடியில் துபாஷி தாளை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டான், இந்த ஆளின் பெயர் என்ன என்று. சிப்பாய் அருகில் வந்தான். அந்தோணி என் முதுகில் இடித்தான்.

"மாணிக்கம்" என்றேன். "என் தங்கச்சி புருஷன்."

சாயங்காலத்துக்குள் ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக்காரர் ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். சன்னாசி நல்ல வேலைக்காரர். விறகு உடைப்பார், தண்ணீர் இழுப்பார், கிழங்கு உரிப்பார். அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. நான்தான் சிடுசிடுவென்று இருந்தேன். அவர் பொறுத்துக்கொண்டார்.

எட்டு மாசம் கழித்து ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், பின்வாசலில் எலும்பும் தோலுமாக ஒருவன் வந்து நின்றான். சயாமிலிருந்து தப்பி, காடும் மலையுமாக நடந்தே வந்தவன். அன்று லாரியில் ஏறிய ஐந்து பேரில் ஒருவன். மாணிக்கம் வயிற்றுப்போக்கில் போய்விட்டார் என்றான். எந்தக் கிழமை என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு கிழங்கைக் கையில் வாங்கிக்கொண்டு, யாராவது பார்ப்பதற்குள் ஓடிவிட்டான்.

சாவுச் செய்தி கேட்டால் அப்படியே அடுப்பை விட்டு இறங்கித் தலைமுழுக வேண்டும். தங்கை புருஷன், ஓவென்று அழ வேண்டும். முடியுமா? கண்ணாடிக்காரர் வாசலில் நிற்கிறார். மாணிக்கம் செத்துவிட்டான் என்று நான் அழுதால், இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரிக்கிறவன் யார்? சன்னாசி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கத்தி கையிலேயே நிற்க, கண்ணில் நீரோடு என்னை ஏறிட்டுப் பார்த்தார். எட்டு மாசத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே சிப்பந்திகள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாணிக்கம், ரசத்தை இறக்கு" என்றேன்.

"இதோண்ணே" என்று அவர் எழுந்து வந்து இறக்கினார்.